மூன்று கிண்ணமும் இரண்டாவது கோடும்

ஏரி மேய்ச்சல், ஜூன் 21, வியாழன்

கோச்கோர் மருந்துக் கடை ஒரோசாகுன் அவர்களுக்கு,

மூன்று வருடமாக நீங்கள் என்னோடு பேசுவதில்லை. நான் தொலைபேசியில் அழைத்தால் துண்டிக்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன். பால் வண்டி ஜெக்‌ஷென் திங்களும் வியாழனும் மேலே வந்து போகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

என் மகன் எர்மெக் மாஸ்கோவிலிருந்து வந்து பன்னிரண்டு நாள் இருந்தான். ஜூன் 5 வந்தான், 17 காலை போனான். கல்யாணமாகி மூன்று வருடம், வீட்டில் இன்னும் தொட்டில் கட்டவில்லை. மருமகள் குல்பாரா உண்டாகியிருக்கிறாளா என்று தெரிய வேண்டும். உண்டாகியிருந்தால் அவளைக் குதிரை கறக்க விடமாட்டேன், உதைத்துவிடும். வீட்டிலேயே பார்க்கும் சோதனை அட்டை உங்கள் கடையில் இருக்கிறதாமே. மூன்று அனுப்புங்கள்.

சூராகான்


கோச்கோர், ஜூன் 25, திங்கள்

சூராகான்,

‘அவர்களுக்கு’ என்று எழுதியிருக்கிறாய். உன் மகன் கல்யாணத்தில் இந்த மரியாதை எங்கே போயிருந்தது? மணமகனின் தாய்மாமன் நான். பழைய கோட்டோடு பேருந்தில் வந்திறங்கியவன் என்பதால், எனக்கு மரியாதையாக வைக்க வேண்டிய ஆட்டுத் தலையை உன் கணவனின் அண்ணன் தொக்தோசுன் முன் வைத்தாய். எனக்குக் குதிரை பிடிக்கும் பையன்களுக்குப் போடும் கால் எலும்பு. மணப்பெண் முகத்திரை எடுப்பதற்கு முன்பே எழுந்து வந்துவிட்டேன். அவள் முகம் இன்றுவரை எனக்குத் தெரியாது.

இது என் கடையும் இல்லை. இருபத்திரண்டு வருடம் வேதியியல் சொல்லிக் கொடுத்தேன். தலைமையாசிரியரின் மச்சானுக்கு வேலை வேண்டியிருந்தது, என்னை அனுப்பிவிட்டார்கள். என்னிடம் ஐந்துக்கு இரண்டு வாங்கிய பையன் இன்று இந்தக் கடைக்கு முதலாளி. அவனிடம் நான் கைகட்டி நிற்கிறேன்.

மூன்று அட்டை வைத்திருக்கிறேன். ஒரு கோடு வந்தால் இல்லை, இரண்டு வந்தால் உண்டு. மற்ற விவரம் உறையில் ரஷ்ய மொழியில் அச்சாகியிருக்கிறது. நீ அந்த வகுப்பு நேரத்தில் ஆட்டுக்குட்டிக்குப் பின்னால் ஓடியவள். உன் மருமகள் படிக்கட்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாகச் சொல்லும். இது மனிதர்களைப் போல இல்லை, பொய் சொல்லாது.

ஒரோசாகுன்


ஏரி மேய்ச்சல், ஜூலை 19, வியாழன்

அண்ணா,

கோபத்தை இன்று ஒதுக்கி வையுங்கள். இதை ஜெக்‌ஷென் முன் பிரிக்காதீர்கள்.

உங்கள் அட்டை வந்த மறுநாள், ஜூன் 26 அன்று, முதல் சோதனை. ஒரு கோடு. எர்மெக் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஜூலை 1 அன்று இரண்டாவது. ஒரு கோடு. இல்லை என்றே விட்டுவிட்டேன். மாதத் தேதியும் தள்ளித்தான் போயிருந்தது. மேய்ச்சலுக்கு ஏறினால் எனக்கும் தள்ளும், உயரம் அப்படி.

போன வாரம் குதிரைப் பால் புளித்த குமிஸ் கலயத்தைத் திறந்தேன். அந்தப் புளிப்பு வாடைக்கே வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். செவ்வாய்க்கிழமை மூன்றாவது அட்டை. ரத்தச் சிவப்பில் இரண்டு கோடு.

நீங்களே கணக்குப் பாருங்கள். அவன் இருந்தபோது ஒட்டிய பிள்ளை என்றால் ஜூலை 1 அன்று ஏன் இல்லை என்றது? பொய் சொல்லாது என்று எழுதியவர் நீங்கள். அப்படியானால் ஜூலை 1க்குப் பிறகுதான். அதற்குப் பிறகு எங்கள் கூடாரத்தில் தங்கிய ஒரே ஆண், ஊசி போட வந்த கால்நடை மருத்துவன் தலாந்த். மழையில் மாட்டிக்கொண்டு ஜூலை 3, 4 இரண்டு நாள் இருந்தான். சிரித்துச் சிரித்துப் பேசுவான்.

தொக்தோசுன் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. அவர் கூடாரம் எங்கள் கூடாரத்துக்கு அடுத்தது. “நம்ம வீட்டுல அடுத்தவன் பிள்ளைக்குத் தொட்டில் கட்டுவியா?” என்கிறார். எர்மெக் இப்போது தொலைபேசி எடுக்காத ஊரில் வேலையில் இருக்கிறான். 29ஆம் தேதி ஞாயிறு அழைப்பான். மலை முகட்டுக்கு ஏறினால்தான் பேச முடியும். அன்று அவனிடம் சொல்லிவிடுவேன். அவன் மூன்று தடவை ‘வேண்டாம்’ என்றால் அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

அட்டை தப்புச் சொல்லுமா? அதை மட்டும் எழுதுங்கள்.

சூராகான்


கோச்கோர், ஜூலை 23, திங்கள்

சூராகான்,

நீ கேட்டதற்குப் பதில் சொல்வதற்கு முன் நான் கேட்பதற்குப் பதில் வேண்டும். ஜெக்‌ஷென் டீ குடித்து முடிப்பதற்குள் எழுதிக் கொடு.

ஒன்று, உறையில் இருந்ததைக் குல்பாரா படித்தாளா? இரண்டு, ஜூலை 1 அன்று எத்தனை மணிக்குச் சோதித்தீர்கள்? அதற்கு முன் அவள் எழுந்து என்ன செய்தாள், என்ன குடித்தாள்? எல்லாம் எழுது. உனக்கு முக்கியம் இல்லாததுதான் எனக்கு முக்கியம். மூன்று, அட்டையை எவ்வளவு நேரம் கழித்துப் பார்த்தாய்?

சிரித்துச் சிரித்துப் பேசுவது குற்றம் என்றால் இந்த நாட்டில் பாதிப் பேரைப் பிடித்து உள்ளே போடலாம். என்னைப் பிடிக்க முடியாது.

ஒரோசாகுன்


ஏரி மேய்ச்சல், அதே நாள்

அண்ணா,

ஜெக்‌ஷென் பக்கத்தில் உட்கார்ந்து இளிக்கிறான். “அக்கா, உங்கண்ணன் உறைக்குப் போடற பசையைப் பாத்தா ராணுவ ரகசியம் மாதிரி இருக்கு, நமக்கு என்னன்னு கொஞ்சம் சொல்லக் கூடாதா?” என்கிறான். வாயை மூடு என்று ரொட்டியைக் கொடுத்திருக்கிறேன்.

உறையை அவள் படித்தாள். “அத்தை, தேதி தள்ளிப்போன பிறகு பாக்கணும்னு போட்டிருக்கு. அதுவும் எழுந்ததும் போற முதல் சிறுநீர்ல” என்றாள். அவள் நாள் கடத்தப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அதனால் 26ஆம் தேதியே செய்ய வைத்தேன்.

ஜூலை 1. வழக்கம்போல் விடியும் முன் எழுந்தாள், வெளியே போய் வந்தாள். குட்டிகளைக் கட்டினாள், முதல் கறவை முடித்தாள். அப்புறம் கூப்பிட்டேன். முதல் தடவை அவள் தனியாகப் போய்ச் செய்து வந்தாள். அதில் எனக்குத் திருப்தி இல்லை. யார் கண்டது, தண்ணீரில் நனைத்துக்கூடக் கொண்டுவரலாம். அதனால் இந்தத் தடவை நானே கூட நின்றேன். நின்றால் அவளுக்கு வரவில்லை. “நீங்க அந்தப் பக்கம் திரும்புங்க அத்தை, வெக்கமா இருக்கு” என்றாள். திரும்பவில்லை. குமிஸ் குடி, தானாக வரும் என்று மூன்று கிண்ணம் ஊற்றிக் கொடுத்தேன். பெரிய கிண்ணம். மேலே தேநீர். அரை மணியில் வந்தது. கண்ணெதிரே நனைத்தாள். ஐந்து நிமிடத்தில் பார்த்தேன். ஒரு கோடு.

அந்த அட்டையை எடுத்து வைத்திருந்தேன். இப்போது பார்த்தால் மங்கலாக இன்னொரு கோடு தெரிகிற மாதிரி இருக்கிறது. இத்துடன் வைத்திருக்கிறேன். இதற்கு என்ன அர்த்தம்?

சூராகான்


கோச்கோர், ஜூலை 26, வியாழன்

சூராகான்,

உன் உறையைக் கல்லாப் பெட்டி மேல் வைத்துப் பிரித்தேன். பழைய சிறுநீர் வாடையில் இரண்டு வாடிக்கையாளர் வெளியேறினார்கள். முதலாளிப் பையன் என்னைப் பார்த்த பார்வைக்கும் நீதான் பொறுப்பு.

அந்த மங்கல் கோட்டுக்கு அர்த்தம் இல்லை. பத்து நிமிடம் தாண்டினால் அட்டை காய்ந்து தானாகவே நிழல் விழும். அது சாட்சி ஆகாது. அவளுக்குச் சாதகமாக இருக்கிறதே என்பதற்காக நான் வேறு மாதிரி எழுத மாட்டேன்.

ஆனால் ஜூலை 1 அன்று ஏன் ஒரு கோடு வந்தது என்பது எனக்குத் தெரியும். உன் கடிதத்தை முதல் தடவை படித்தபோதே தெரிந்துவிட்டது. மூன்றே வரியில் எழுதிவிடலாம்.

எழுதுவதற்கு முன் நீ ஒரு வரி எழுத வேண்டும். கல்யாணத்தில் எனக்குச் செய்தது தவறு என்று. உன் கையெழுத்தில். வாத்தியாருக்கு எப்போதும் கடைசியில்தான் வரிசை வருகிறது. இந்த ஒரு தடவை முதலில் வரட்டும்.

ஒரோசாகுன்


ஏரி மேய்ச்சல், ஜூலை 26

நீங்கள் மனிதரா?

இங்கே ஒரு பெண் நான்கு நாளாகச் சோறு தொடாமல் கூடாரத்தின் கதவோரம் உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் எலும்பை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

எழுதுகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். தவறுதான். அப்போது என் வீட்டுக்காரர் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தொக்தோசுன் அண்ணன் சேர்த்துக்கொள்ளாவிட்டால் எனக்கு மேய்ச்சலும் இல்லை, மந்தையும் இல்லை. தலையை அவர் முன் வைக்காமல் யார் முன் வைப்பேன்? நீங்கள் என் அண்ணன், புரிந்துகொள்வீர்கள் என்று நினைத்தேன். அதுவும் தவறு.

ஞாயிற்றுக்கிழமை முகட்டுக்கு ஏறுவேன். அதற்குள் உங்கள் மூன்று வரி வராவிட்டால் எனக்குத் தெரிந்ததைத்தான் அவனிடம் சொல்வேன்.

சூராகான்


கோச்கோர், ஜூலை 30, திங்கள் காலை

சூராகான்,

உன் கடிதம் வியாழன் மாலை கிடைத்தது. வெள்ளிக்கிழமை முழுவதும் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஜெயித்தவன் மாதிரி. சனிக்கிழமை காலையில்தான் புத்தி வந்தது. சந்தைக்கு ஓடி, மேலே போகிற ஜீப் ஒவ்வொன்றாகக் கேட்டேன். கணவாயில் மண் சரிந்து பாதை அடைபட்டிருக்கிறது, திங்களுக்கு முன் எதுவும் போகாது என்றார்கள். “அவ்வளவு அவசரம்னா நேத்தே வந்திருக்கலாமே வாத்தியாரே, நேத்து ரெண்டு வண்டி போச்சு” என்றான் ஒருவன்.

மூன்று வரி இதுதான்.

பிள்ளை உண்டான அன்றே அட்டைக்குத் தெரியாது. கரு கருப்பையில் ஒட்டி வேர்விட எட்டுப் பத்து நாள் ஆகும். அதற்குப் பிறகுதான் அட்டை தேடும் சுரப்பு சிறுநீரில் கசியத் தொடங்கும், ஏறக்குறைய இரண்டு நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும். எர்மெக் கிளம்புவதற்கு முதல் நாள் உண்டாகியிருந்தால் ஜூன் 26 அன்று தெரியவே தெரியாது. ஜூலை 1 அன்று இருந்தது ஒரு சொட்டுதான். இரவெல்லாம் தேங்கிய முதல் சிறுநீரில் அது தெரிந்திருக்கும். அதை அவள் விடியும் முன் வெளியே விட்டுவிட்டு வந்தாள். மிச்சத்தை நீ மூன்று கிண்ணம் குமிஸிலும் தேநீரிலும் கரைத்தாய். அட்டையை ஏமாற்றியது அவள் இல்லை, நீ. அவளை நம்பாமல் காவல் நின்றாயே, அந்தக் காவல்தான் கோட்டை அழித்தது.

தொண்ணூற்றொன்பது என்பது தேதி தள்ளிய பின், காலை முதல் சிறுநீரில், சொன்னபடி செய்தால். இதை நான் ஜூனிலேயே எழுதியிருக்க வேண்டும். உனக்கு ரஷ்ய மொழி தெரியாது என்று குத்திக்காட்டுவதில் இருந்த அக்கறை இதில் இல்லை.

இது எர்மெக்கின் பிள்ளை என்று நான் சத்தியம் செய்யவில்லை, அது அட்டையின் வேலையும் இல்லை. நீ சொன்ன சாட்சி சாட்சியே இல்லை என்கிறேன். நீ எர்மெக்கிடம் இன்னும் சொல்லியிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். இன்னோர் அட்டை வைத்திருக்கிறேன், சந்தேகம் இருந்தால் யாருக்காவது செய்து பார்.

ஒரோசாகுன்


ஏரி மேய்ச்சல், ஆகஸ்ட் 2, வியாழன்

அண்ணா,

சொல்லிவிட்டேன்.

ஞாயிறு முகட்டில் நின்று கத்தினேன். காற்றில் அவனுக்குப் பாதி கேட்டதோ என்னவோ. “ரெண்டு தடவை இல்லைன்னு வந்துச்சாம்மா? நிச்சயமா?” என்று மட்டும் கேட்டான். நிச்சயம் என்றேன். அப்புறம் வைத்துவிட்டான். மூன்று ‘வேண்டாம்’ சொல்லவில்லை, ஆனால் ‘வேண்டும்’ என்றும் சொல்லவில்லை. திங்கள் காலை தொக்தோசுன் அண்ணனே அவள் பையைத் தூக்கிப் பால் வண்டியில் வைத்தார். அவள் ஏறி உட்கார்ந்த பிறகு ஜெக்‌ஷென் உங்கள் கடிதத்தை என் கையில் கொடுத்தான். கையில் வைத்துக்கொண்டே வண்டி போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிரிக்கவில்லை. உங்கள் மேல் அவ்வளவு ஆத்திரம்.

மாலையில் பிரித்தேன். நம்பவில்லை. பக்கத்துக் கூடாரத்துச் சைரா ஐந்து மாதம். அவளுக்கு மூன்று கிண்ணம் குமிஸ் கொடுத்து உங்கள் அட்டையில் பார்த்தேன். “எனக்கு எதுக்கு அக்கா சோதனை? வயித்தைப் பாத்தா தெரியலையா?” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். உடனே இரண்டு கோடு. குமிஸ் ஒன்றையும் கரைக்கவில்லையே. இப்போது நான் எதை நம்புவது?

அவள் தாய் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. ஜெக்‌ஷென் விசாரித்துவிட்டான். கோச்கோர் சந்தையில் இறங்கிக்கொண்டாளாம். “‘எங்க போற தங்கச்சி?’ன்னு கேட்டேன், ‘தெரிஞ்சா சொல்றேன்’னு சொல்லிட்டுப் போனா அக்கா” என்கிறான். அங்கே யார் இருக்கிறார்கள் அவளுக்கு? கண்ணில் பட்டாளா?

சூராகான்


கோச்கோர், ஆகஸ்ட் 6, திங்கள்

சூராகான்,

ஐந்தாம் மாதம் என்பது பனி உருகிய ஆறு. அதில் மூன்று கிண்ணம் ஊற்றினால் ஆற்றுக்கு என்ன? முதல் வாரம் என்பது புல் நுனிப் பனித்துளி. சைராவை வைத்து நீ செய்த சோதனை நன்றாகத்தான் இருக்கிறது, ஆள்தான் தப்பு. என் மாணவர்களில் பாதிப் பேர் அந்த அளவுகூட யோசித்ததில்லை.

குல்பாரா வெள்ளிக்கிழமை கடைக்கு வந்தாள். யாரென்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு எப்படித் தெரியும்?

“ஒரோசாகுன் மாமா இங்கதான் இருக்காரா?”

“நான்தான். என்ன வேணும்?”

ஏற இறங்கப் பார்த்தாள். “எழுத்தைப் பாத்து, ரொம்ப உயரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்” என்றாள். “பொய் சொல்லாதுன்னு எழுதினீங்களே, அதுல ஒண்ணு குடுங்க. அது என்னைப் பத்தி இன்னும் என்னென்ன சொல்லுதுன்னு பாக்கணும்.”

முதலாளிப் பையன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான். முன்னால் ஆயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள், இப்படி யாரும் கேட்டதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. தாய் வீட்டு வாசல்வரை போயிருக்கிறாள். உள்ளே அவள் அப்பாவின் குரல் கேட்டதும் திரும்பிவிட்டாள். மூன்று நாள் பள்ளித் தோழி வீட்டில். அங்கேயும் கேள்வி வரத் தொடங்கியதும் இங்கே.

சனிக்கிழமை நரின் நகர மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் மருத்துவரம்மாவிடம் ஸ்கேன் பார்த்தோம். ஒன்பது வாரம். நெஞ்சு துடிக்கிறது, திரையில் நானே பார்த்தேன். அந்தக் காகிதத்தை உனக்கு அனுப்பப் போவதில்லை. ஏன் என்று சொல்கிறேன். நீ விரலை மடக்கி ஒன்பது வாரம் பின்னால் போவாய். ஜூன் 2 வரும். எர்மெக் வந்தது 5. உடனே அவன் வருவதற்கு முன்னால் மேய்ச்சலுக்கு வந்தவன் யார் என்று தேட ஆரம்பிப்பாய். மருத்துவர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள், பிள்ளை உண்டாவது அதற்கு இரண்டு வாரம் கழித்து. அதாவது ஜூன் 16, ஓரிரு நாள் முன்பின். உன் மகன் கிளம்புவதற்கு முதல் நாள். ஊசி போட வந்தவனுக்கும் இதற்கும் இரண்டு வாரத்துக்கு மேல் தூரம்.

நேற்று எர்மெக் அவள் தோழியிடம் விசாரித்துவிட்டு என் எண்ணுக்கு அழைத்தான். “மாமா, அவ அங்க இருக்காளா?” அவளிடம் நீட்டினேன். தொலைபேசியின் ஒலிபெருக்கியை அணைக்கத் தெரியாமல் எனக்கும் கேட்டது.

“அம்மா சொல்றது உண்மையா?”

“நீ வீட்டுல இருந்த பன்னிரண்டு நாளும் உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அது போதாதா?”

“ரெண்டு தடவை இல்லைன்னு காட்டிச்சாமே…”

“அப்ப அந்த அட்டையையே கட்டிக்கோ.”

அவன் அழுகிற மாதிரி இருந்தது. அவள் மெதுவாகத்தான் சொன்னாள்: “அத்தை அட்டைகிட்ட கேட்டாங்க. நீ அத்தைகிட்ட கேட்ட. மாமா காகிதத்துகிட்ட கேக்கறார். எங்கிட்ட மட்டும் யாரும் கேக்கல.”

நான் எழுந்து கடைக்கு வெளியே போய் நின்றேன். இருபத்திரண்டு வருடம் வகுப்பில் நின்றவன். ஒரு பெண் பிள்ளை என்னைப் பெஞ்சு மேல் ஏற்றிவிட்டாள்.

எர்மெக் மாத இறுதியில் வருவதாகச் சொல்லியிருக்கிறான். வரட்டும், வந்து கேட்கட்டும், அப்புறம் யோசிக்கிறேன் என்கிறாள். கடையின் பின் அறையைக் கொடுத்திருக்கிறேன். காகிதம் அவள் பையில். உன்னிடம் காட்டுவதா இல்லையா என்பது அவள் இஷ்டம். நான் சொல்லிப் பார்த்தேன். “அதைப் பாத்துட்டுத்தான் நம்புவாங்கன்னா வேண்டாம் மாமா” என்றாள்.

அவளிடம் நான் நான்கு நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததையும், அது எதற்கு என்பதையும் சொல்லிவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து பின் அறைக்குப் போய்விட்டாள். நீ திட்டியதே பரவாயில்லை.

ஒரோசாகுன்


ஏரி மேய்ச்சல், ஆகஸ்ட் 6, மாலை

அண்ணா,

ஜெக்‌ஷென் அவசரப்படுத்துகிறான்.

நேற்று முகட்டில் மாலைவரை நின்றேன், எர்மெக் எனக்கு அழைக்கவில்லை. இப்போது புரிகிறது, உங்களுக்கு அழைத்திருக்கிறான். உங்கள் கடிதத்தைப் படித்ததும் தொக்தோசுன் அண்ணனிடம் போய்ச் சொன்னேன்: “மூணு கிண்ணம் ஊத்தினது நான்தான். பாவம் என்னோடது.” “பொம்பளைங்க சமாசாரம்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பையைத் தூக்கி வைத்தபோது மட்டும் அது பெண்கள் சமாச்சாரமாக இல்லை. அதையும் சொன்னேன். அடுத்த வருடம் அவர் மேய்ச்சலில் எனக்கு இடம் இருக்குமா தெரியாது. பார்த்துக்கொள்ளலாம்.

காகிதம் வேண்டாம். அவள் காட்டினாலும் பார்க்க மாட்டேன்.

வாந்தி நின்றதா? வெறும் வயிற்றில் இருக்கிறாளா? புளிப்புப் பிடிக்கவில்லை என்றால் எது பிடிக்கிறது? உலர்ந்த தயிர் உருண்டை கொஞ்சம் இருக்கிறது, அந்த வாடை ஆகுமா? கேட்டு எழுதுங்கள். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். இல்லை, சொல்லுங்கள்.

இல்லை அண்ணா, நீங்கள் எதுவும் கேட்காதீர்கள். வியாழக்கிழமை பால் வண்டியில் நானே வருகிறேன். அவள் பேசாவிட்டால் கடை வாசலில் உட்கார்ந்திருப்பேன். நானே கேட்கிறேன்.

சூராகான்